மகுடத்தின் வேகத்துக்கு இறங்கி வந்த கிக்: சேரன்மகாதேவிப் பக்கத்து ஹவுஸ் ரீமிக்ஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேரன்மகாதேவிக்கு அருகே ஒரு கிராமத்தில், கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு ஒலித்த ரீமிக்ஸ் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. கோயில்களில் கதை பாடி ஆடும் கணியான் கூத்தின் மகுடம் என்ற தோற்கருவியின் அடியையும், எண்பதுகளில் சிகாகோ நடனக் கிளப்புகளில் ஒலித்த ஹவுஸ் இசையையும் சேர்த்துச் செய்யப்பட்டது அது. செய்தவர், பகலில் மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் மடிக்கணினியில் இசை கோக்கும் ஓர் இளைஞர். அடித்தவர்கள், சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் தலைமுறையாகக் கூத்து நடத்திவரும் ஓர் அண்ணாவியும் (குழுத் தலைவர்) அவருடைய குழுவினரும். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். பதிவும் இறுதி ஒலிச் செம்மையும் என்னிடம் நடந்தன. சம்பந்தப்பட்டவர்கள் விரும்பாததால் பெயர்களை எழுதவில்லை.

இந்த ரீமிக்ஸுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முதல் வடிவத்தை ஒரு கைப்பந்துப் போட்டியின் இடைவேளையில் போட்டார்கள். கூட்டம் அசையவில்லை. இரண்டாம் வடிவம் கல்யாண வீட்டில் ஒலித்தது, அங்கே ஆடினார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே பதிவின் மகுடம், ஒரே கிக் (இயந்திர டிரம்மின் கனத்த அடி), ஒரே ஆர்கன். அடிப்படையில் மாறியது ஒன்றுதான்: யாருடைய காலப்பிரமாணத்துக்கு, அதாவது தாள வேகத்துக்கு, யார் கட்டுப்படுவது என்பது. பழைய கிளப் ஒலியைத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் எல்லோரும் அந்த ஒலியின் கருவிகளைத் தேடி ஓடுகிறார்கள். அந்தக் கருவிகளைக் கையாண்ட முறையில்தான் அந்த இசையின் உயிர் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். இந்த நிகழ்வு அதைக் காட்டியதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூட்டம் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தது. பெரிய இசைக் கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆனால் அதே ஊரில் 1977 முதல் நடந்துவந்த ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில், கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள், அவர்களிலும் பெரும்பாலும் ஒருபால் ஈர்ப்புடையவர்கள், ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். ‘ஹவுஸ்’ என்ற பெயரே அந்த இடத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

அங்கே தட்டு சுழற்றியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். புதிய டிஸ்கோ தட்டுகள் குறைந்துபோனபோது, இருக்கிற பாட்டுகளையே டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். ஆட்டக்காரர்களுக்குப் பிடித்த பகுதி மூன்று மடங்கு நீளும், பிடிக்காத பகுதி காணாமல் போகும். பிறகு ரோலண்ட் டிஆர்-909 என்ற தாள இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டார். 1983-இல் வந்த அந்த இயந்திரம் விற்பனையில் தோற்று, சில ஆண்டுகளிலேயே பழைய விலைக்கு இளைஞர்கள் கைக்கு வந்தது. டிபி-303 என்ற பேஸ் (கீழோசை) இயந்திரத்துக்கும் அதே கதிதான். அதன் திருகுகளை முறுக்கிப் பிறந்த ஒலிதான் 1987-இல் ஃப்யூச்சர் குழுவின் தட்டு வழியாக ‘ஆசிட் ஹவுஸ்’ ஆனது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்கோ தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர்கள் மனிதர்கள். வேகம் சற்று ஏறும், சற்று இறங்கும். அதன்மேல் இயந்திரத்தின் அடியைப் போட்டால் சில விநாடிகளில் இரண்டும் பிரிந்துவிடும். ஆகவே சிகாகோவின் டிஜேக்கள் வேகத் திருகில் விரலை வைத்தபடியே நின்றார்கள். ஓடுகிற பாட்டும் இயந்திரமும் பிரியாமல் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நாம் இன்று ‘கிளாசிக் ஹவுஸ்’ என்று நினைக்கும் அந்த உந்துதலில் அந்த விரலுக்கும் பங்கு உண்டு.

இப்போது அந்த ஒலி மறுபடியும் எங்கும் கேட்கிறது. 1988-இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டின் ‘ஆர்கன் 2’ ஒலி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராபின் எஸ் பாடிய ‘ஷோ மீ லவ்’ பாட்டின் ரீமிக்ஸில் பேஸாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. 2022-இல் பியான்சே அந்தச் சாயலில் ஒரு பாட்டு வெளியிட்டு, பழைய பாட்டை எழுதியவர்களின் பெயரையும் சேர்த்தார். அதே ஆண்டு டிரேக் ஒரு முழு ஆல்பத்தையே ஹவுஸ் பக்கம் திருப்பினார். 2023-இல் பெகி கூவின் தொண்ணூறுகள் பாணிப் பாட்டு ஐரோப்பா முழுக்க ஓடியது. நம் இளைஞரும் அப்படித்தான் இதற்குள் வந்தார். முதலில் புதிய பாட்டுகள், பிறகு அவற்றின் மூலங்கள், பிறகு இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கும் 909, 303, எம்1 ஒலித் தொகுப்புகள்.

அவர் என்னிடம் வந்தபோது கையில் இருந்த முன்மாதிரி வேறொன்று. மும்பையின் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8 ஆகிய மூன்று இயந்திரங்களை வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஓர் ஆல்பம் செய்தார். அன்று யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவுக்கு ஐந்து ஆண்டு முன்பே ஆசிட் ஹவுஸ் போலவே ஒலித்திருக்கிறதே என்று உலகம் வியந்தது. “ராகத்தை வைத்து அவர் செய்ததை நான் மகுடத்தை வைத்துச் செய்கிறேன் அண்ணே” என்றார் இளைஞர். நல்ல ஆசைதான். ஆனால் சரண்ஜித் சிங்கின் ஆல்பத்தில் இயந்திரம் முதலில் ஓடுகிறது, ராகம் அதற்கு மேல் அமர்கிறது. வாசித்தவர் தனி ஆள், இயந்திரத்தின் வேகத்தை ஏற்றுக்கொண்டு வாசித்தார். கூத்தில் அடிக்கிறவர்களிடம் அப்படிக் கேட்க முடியாது.

பதிவு

மகுடம் தட்டையான வட்டத் தோற்கருவி. கூத்தில் இரண்டு மகுடம் உண்டு. உச்சம் மேலோசை தரும், மந்தம் கீழோசை தரும். அண்ணாவி கதை பாட, பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாட, பெண் வேடமிட்ட ஆட்டக்காரர்கள் சலங்கையோடு ஆட, இரண்டு மகுடமும் அவர்களைத் தாங்கும்.

குழுவினர் கூடத்துக்குள் வந்தவுடன் அடிக்கவில்லை. குளிரூட்டியின் குளிரில் தோல் தளர்ந்துவிட்டது என்று மந்தக்காரர் வெளியே எடுத்துப் போனார். பின்புறத்தில் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, மகுடத்தை அனலுக்கு மேல் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். அவ்வப்போது நடுவிரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம், மறுபடி அனல். சுருதி ஏறியதும் ஓட்டமாக உள்ளே வந்து அடித்தார். ஒவ்வொரு பதிவுக்கும் இடையில் இது நடந்தது. குளிரூட்டியை நிறுத்திவிட்டுத்தான் மீதியைப் பதிந்தோம்.

எந்த அடியைப் பதிவது என்று தேர்ந்தவர் அண்ணாவி. ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கும்போது அடிக்கும் அடியைக் கொடுத்தார். சாமி வரும் நேரத்து அடியையும் சுடலை கதையின் வரிகளையும் பதிவதற்கில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இளைஞர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். சரியான முடிவு. கொடைக்கு உரியது கொடையில் இருக்கட்டும்.

முதல் வடிவம்

பதிவை மென்பொருளில் ஏற்றி, நிமிடத்துக்கு 124 அடி என்று வேகத்தை நிறுத்தினார். ஹவுஸ் இசைக்கு 120-க்கும் 130-க்கும் நடுவில் எதுவும் பொருந்தும், 124 வழக்கமான எண். பிறகு மென்பொருளின் ‘வார்ப்’ வசதியால் மகுடத்தின் ஒவ்வொரு அடியையும், நான்கு அடிகளைப் பதினாறாகப் பிரித்த கட்டங்களில், பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டினார். கீழே 909 கிக், நடுவில் ஓபன் ஹை-ஹேட் என்ற தாளத்தகட்டு ஒலி, மேலே ஒரு அடிக்கு நான்கு முறை விழும் பதினாறாம் பங்கு ஹை-ஹேட்டும் ஷேக்கரும் (கிலுகிலுப்பை ஒலி), எம்1 ஆர்கனில் ஒரு பேஸ். கேட்பதற்குச் சுத்தமாக இருந்தது. ஹெட்ஃபோனில் கேட்ட நண்பர்கள் பாராட்டினார்கள்.

பிரச்சினை கணக்கில் இருந்தது. அண்ணாவி கொடுத்த அடி திஸ்ர நடை, அதாவது ஒரு அடிக்குள் மூன்று பங்கு. 124 வேகத்தில் ஒரு அடியின் நீளம் 484 மில்லி விநாடி. மூன்றாகப் பிரித்தால் இரண்டாவது தட்டு 161-இலும் மூன்றாவது தட்டு 323-இலும் விழ வேண்டும். மென்பொருளின் கட்டமோ நான்காகப் பிரித்தது: 121, 242, 363. ஆகவே ஒவ்வொரு திஸ்ரத் தட்டும் 40 மில்லி விநாடி இடம் பெயர்ந்தது. கேட்பவர் காதுக்கு அது ‘தப்பு’ என்று படாது, காலுக்குப் படும். கூத்தின் நடையில் சாய்ந்து விழ வேண்டிய பாதம் விழ இடமில்லாமல் நிற்கும். கைப்பந்து மைதானத்தில் நடந்தது அதுதான்.

இரண்டாவது பிரச்சினையைப் பிடித்தவர் அண்ணாவி. கூடத்தில் உட்கார்ந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நான் இந்த இடத்தில் வேகம் ஏற்றியிருப்பேனே, அது எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

பதிவைத் திரும்பப் போட்டு அளந்தோம். உண்மைதான். நிமிடத்துக்கு 112 அடியை ஒட்டித் தொடங்கிய வேகம், ஆட்டக்காரர் சுழலும் கட்டத்தில் 130-ஐ எட்டி, மறுபடி இறங்கியிருந்தது. பதிவின்போது ஆட்டக்காரர் யாரும் இல்லை. அண்ணாவி மனக்கண்ணில் அவரைப் பார்த்துக்கொண்டு அடித்திருக்கிறார். இந்த ஏற்ற இறக்கத்தை முழுவதும் இஸ்திரி போட்டு 124 ஆக்கியிருந்தது மென்பொருள்.

இரண்டாம் வடிவம்

இளைஞர் மனம் தளரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நக்கிள்ஸ் செய்ததை மறுபடி படித்தார். மனித வேகத்தின்மேல் இயந்திரத்தைக் கையால் ஓட்டியதுதான் பழைய முறை என்றால், இங்கும் இயந்திரம்தான் பின்னால் வர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

அதே வார்ப் வசதியைத் திருப்பிப் பயன்படுத்தினார். மகுடத்தை இழுக்காமல், அதன் ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் அடியிலும் ஒரு குறி வைத்து, மகுடத்தையே தலைவனாக்கினார். மொத்தத் திட்டத்தின் வேகமும் அதைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கியது. 909 கிக் இப்போது அண்ணாவி ஏற்றும்போது ஏறுகிறது, இறக்கும்போது இறங்குகிறது. முதல் முறை கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இயந்திரம் அடிக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

திஸ்ரத்துக்கும் நான்குக்கும் உள்ள சண்டையைத் தீர்த்த விதம்தான் இந்த வேலையின் மிக அழகான பகுதி. சுலபமான வழி, ஹை-ஹேட்டையும் திஸ்ரத்துக்கு நகர்த்திவிடுவது. செய்து பார்த்தார். அடியின் நடுவில் விழ வேண்டிய ஓபன் ஹை-ஹேட் மூன்றில் இரண்டு பங்குக்குத் தள்ளிப்போனதும் ஹவுஸ் இசையின் அடையாளமே மறைந்தது, நொண்டி நடையாகக் கேட்டது. ஆகவே ஓபன் ஹை-ஹேட்டைச் சரியாக அரை அடியிலேயே விட்டுவிட்டு, பதினாறாம் பங்கு ஹை-ஹேட்டையும் ஷேக்கரையும் முழுவதுமாக நீக்கினார். அந்த இடத்தை உச்ச மகுடம் தன் மூன்று தட்டுகளால் நிரப்பியது. அடியை இரண்டாகப் பிரிக்கிறது ஹை-ஹேட். மூன்றாகப் பிரிக்கிறது உச்சம். இரண்டும் கிக்கில் மட்டும் சந்திக்கின்றன. இரண்டுக்கு மூன்று என்ற இந்தப் பின்னல் நம் மேளக்காரர்களுக்குப் புதிதல்ல. ஹவுஸ் கேட்டு வளர்ந்தவர் காதுக்கும் உறுத்தாது, ஏனென்றால் அவருக்கு வேண்டிய கிக்கும் ஹை-ஹேட்டும் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன.

மந்த மகுடத்துக்கும் ஆர்கன் பேஸுக்கும் இடத்தகராறு. இரண்டும் கீழோசை. மந்தம் பேசும் தாள வட்டத்தில் பேஸ் மௌனமாகவும், மந்தம் ஓயும் வட்டத்தில் பேஸ் வரவும் ஏற்பாடு செய்தார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணாவியும் பின்பாட்டுக்காரரும் வரிகளை மாற்றி மாற்றி எடுப்பதைப் பார்த்து அவரே கண்டுபிடித்தது.

வேகம் ஏறும் பகுதியில் 303-இன் மென்பொருள் நகல் மெல்ல நுழைகிறது. ஒலியின் கூர்மையை மாற்றும் அதன் ஃபில்டர் திருகை இளைஞர் ஒரே மூச்சில், பாட்டு ஓட ஓட, கையால் திறந்தார். மௌஸால் கோடு வரைந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அவர் கையால் செய்யவே பிடிவாதமாக இருந்தார். ஓரிடத்தில் விரல் சற்று முந்திவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றோம்.

டிஜேக்களுக்கு இந்த ஏறி இறங்கும் வேகம் தலைவலி, பக்கத்துப் பாட்டோடு கலக்க முடியாது. அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் கிக்கும் ஹை-ஹேட்டும் 120-இல் அசையாமல் ஓடும் பகுதி ஒன்றைச் சேர்த்தார். பழைய 12 அங்குல இசைத்தட்டுகளில் இதே நோக்கத்துக்காகத் தாளம் மட்டும் ஓடும் முகப்பு இருக்கும்.

குழாய் ஸ்பீக்கரில் கேட்பதற்காக

கிளப்புகளில் ஒலித்த இசை கிளப்புகளின் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. நம் ஊரில் இசை ஒலிப்பது ரேடியோ செட்டில். மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய்கள், பந்தல் முன்னால் இரண்டு பெரிய பாக்ஸ். இதை மனத்தில் வைக்காமல் செய்யும் ரீமிக்ஸ் எவ்வளவு நல்லதானாலும் இங்கே செத்துப்போகும்.

குழாய் ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிக்காது. 909 கிக்கின் வயிறு 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. குழாயில் அதன் ‘டிக்’ மட்டும்தான் மிஞ்சும். அதனால் கிக்கின் ஒரு பிரதியை வேண்டுமென்றே சிதைத்து, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை அதற்கு ஓர் உடம்பு கொடுத்து, அடியில் மெலிதாகக் கலந்தேன். அடுத்தது, ரேடியோ செட் பெரும்பாலும் மோனோவில் ஓடும். ஆர்கனை அகலமாக்குவதற்காகப் போட்ட கோரஸ் விளைவு, இடதும் வலதும் ஒன்று சேர்ந்தவுடன் தன்னையே தின்றுவிடும். ஆர்கனை மோனோவில் கேட்டுக் கேட்டுச் செம்மை செய்தோம்.

மூன்றாவதாகத் தூரம். நம் வெயிலூரின் காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. தெருமுனையில் 85 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் ஒலி, பந்தலடியில் நிற்பவர் காதுக்குக் கால் விநாடி தாமதமாக, தாளக் கணக்கில் ஏறத்தாழ அரை அடி பின்தங்கி வரும். அடர்த்தியான இசை அதில் குழம்பிக் கூழாகிவிடும். பதினாறாம் பங்கு ஹை-ஹேட்டை எடுத்தது இங்கே இன்னொரு வகையில் கைகொடுத்தது. தட்டுக்குத் தட்டு இடைவெளி இருந்ததால் எதிரொலி அந்த இடைவெளியில் விழுந்தது.

கல்யாண வீட்டில் இதைப் போட்டது இரவு ஒன்பது மணிக்கு மேல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், ரேடியோ செட்காரர் அதில் கறார். முதலில் வந்தவர்கள் சிறுவர்கள். கிக் மட்டும் ஓடும் முகப்பில் அவர்கள் சும்மா குதித்தார்கள். மகுடம் நுழைந்ததும் சமையல் பந்தலிலிருந்து ஒரு பெரியவர் தோள் துண்டை இடுப்பில் கட்டியபடி வந்தார். வேகம் ஏற ஏற அவர் காலடி கூத்தின் அடவுக்கு மாறியது. இளைஞர்கள் அவரைச் சுற்றி வட்டம் போட்டார்கள். பிறகு யார் யார் ஆடினார்கள் என்று பார்க்க முடியாத அளவுக்குக் கூட்டம். தெற்குத் தெருக் குழாயின் பக்கம் நின்றவர்களுக்கு மட்டும் கடைசிவரை தெளிவாகக் கேட்கவில்லை. அந்தக் குழாயின் யூனிட் பழையது, பேஸ் வரும்போதெல்லாம் கரகரத்தது. பெண்கள் பந்தலுக்குள்ளேயே நின்று கைதட்டினார்கள், வெளியே வரவில்லை. அதையும் பதிவு செய்துவைக்க வேண்டும்.

மறு ஒலிபரப்பு கேட்டார்கள். பத்து மணிக்குள் இன்னொரு முறை ஓடியது.

உரிமையும் பங்கும்

நம் பகுதியில் கூத்துக் கலைஞர்களை அழைத்து ஒரு வேளைச் சாப்பாடும் கைச்செலவும் கொடுத்துப் பதிந்துகொண்டு போனவர்கள் பலர். அந்த ஒலி எங்கே போனது, யார் சம்பாதித்தார்கள் என்று அடித்தவருக்குத் தெரியாது. எனக்கு இது பொறுக்காத விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. அவர் சம்மதமில்லாமல் அவருடைய நிகழ்த்துதலைப் பதிவுசெய்ய முடியாது. அடி மரபுக்குச் சொந்தமாக இருக்கலாம், அன்று அந்தக் கூடத்தில் அடித்த கை குழுவினருடையது.

பதிவுக்கு முன்பே முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். பதிவு நாளுக்குக் கொடைக்கு வாங்கும் அதே சம்பளம். வருமானம் வந்தால் பாதி குழுவுக்கு, அதை அவர்கள் தங்களுக்குள் கூத்துப் பங்குமுறைப்படி பிரித்துக்கொள்வார்கள். வேறு யாரும் இதை மறு ரீமிக்ஸ் செய்ய வேண்டுமானால் அண்ணாவியின் ஒப்புதல் வேண்டும். தமிழில் எழுதி, படித்துக்காட்டி, எல்லோரும் கேள்வி கேட்ட பிறகே கையெழுத்தாயிற்று. பெரிய வருமானம் இன்னும் வரவில்லை. ஆனால் ரேடியோ செட்காரர்கள் பென் டிரைவில் வாங்கிப் போனதில், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து குழுவுக்குக் கூத்து முன்பதிவு வந்திருக்கிறது.

இனி

இளைஞர் இப்போது இரண்டாவது பாட்டுக்குத் தயாராகிறார். பழைய கிளப் ஒலியில் ரீமிக்ஸ் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்கு இந்த வேலையிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன. பதிவின் வேகத்தை அளந்து பார்க்காமல் கட்டத்தில் ஒட்டாதீர்கள். நடை திஸ்ரமா சதுஸ்ரமா (அடிக்குள் மூன்று பங்கா, நான்கு பங்கா) என்று அடித்தவரிடமே கேளுங்கள். முடித்த பாட்டை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்காமல், தெரிந்த ரேடியோ செட்காரரிடம் கொண்டுபோய் ஒரு குழாயில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான், அவர்களும் சந்தோஷமாகச் செய்துதருவார்கள்.

அடுத்த பதிவுக்கு அண்ணாவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆட்டக்காரரும் சலங்கை கட்டிக் கூடத்துக்குள் வர வேண்டும், அவர் கால் பார்த்துத்தான் அடிப்பாராம். என் கூடத்தின் தரை ஓட்டுக்கல், சலங்கைக் கால் விழுந்தால் அறை முழுக்க ‘சடக்’ என்று கேட்கும். பலகை அடித்து அடியில் ரப்பர் வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். கொடைக் காலம் முடிந்து குழுவினருக்கு ஓய்வு கிடைத்ததும் பதிவு தொடங்கும்.